முப்பத்துநான்கு பேருக்காகச் சாரம் ஏறியவள்

மாடம்மாள் முப்பத்துநான்கு ஆண்களின் பெயரில் சாரம் ஏறியிருக்கிறாள். முதல் ஆளின் பெயரில் ஏறியபோது மட்டும் மூன்று தடவை கீழே விழுந்தாள். மற்ற முப்பத்துமூன்று பேரையும் பத்திரமாக இறக்கிவிட்டாள்.

ஏறியதும் விழுந்ததும் ஒரு தகரக் கொட்டகைக்குள், நாற்காலிக்கு முன்னால் நின்றபடி, முகத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டிக்கொண்டு. அதற்குள்ளே ஒரு கட்டடம் தெரியும். கையிலிருக்கும் பிடியை அழுத்தினால் அந்தக் கட்டடத்தில் ஏறலாம், குழாயைத் தொடலாம், அட்டை மாட்டலாம். பணியாளர்கள் அதற்கு வைத்த பெயர் மூஞ்சிப்பெட்டி. அதற்குள் தமிழில் பேசும் குரல் என்னுடையது. நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றித் திரும்பிய எனக்கு மலையாளக் கரையில் கழக்கூட்டம் என்ற ஊரில், பெட்டி செய்யும் நிறுவனத்தில் கிடைத்த வேலை அது. தளத்தில் உட்கார்ந்து பயிற்சியை நடத்துவதும் என் பொறுப்பு. "நன்று! நீங்கள் பாதுகாப்பாகப் பணிபுரிந்தீர்கள்" என்று ஒரே மூச்சில் பன்னிரண்டு விதமாகச் சொல்லிப் பதிவுசெய்தேன். இன்று நினைத்தால் நாக்கில் கசக்கிறது.

மாடம்மாளுக்கு நாங்குநேரிப் பக்கம் ஊர். வயது நாற்பதுக்கு ஒன்றிரண்டு குறையும். கணவர் தம்பானூரில் ஒரு ஓட்டலில் புரோட்டா போடுகிறார். அவள் பைபாஸுக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருந்த பதினான்கு மாடி அடுக்ககத்தில் சித்தாள். இங்கே மைக்காடு என்பார்கள். மணல் சலிப்பாள், கலவை சுமப்பாள், சிந்தியதைக் கூட்டி அள்ளுவாள். பெண்களைச் சாரத்தில் ஏற்றுவதில்லை. அடியில் நின்று சட்டி எடுத்துக் கொடுப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது.

அந்த வருடம் கட்டட நிறுவனம் ஒரு விதி கொண்டுவந்தது. உயரத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் எங்கள் பயிற்சியை முடித்து அட்டை வாங்க வேண்டும். ஒரு ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம். பெட்டிக்குள் தெரியும் சாரத்தில் எட்டுக் குறைகள் ஒளித்துவைக்கப்பட்டிருக்கும். கட்டாத பலகை, விட்டுப்போன கைப்பிடிக் குழாய், சுவரோடு பிணைக்காத கம்பி, இப்படி. எல்லாவற்றையும் கண்டுபிடித்து, ஏணியின் அடியில், ஏறக் கூடாது என்பதற்கான சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும். குறை தீர்ந்தபின் பச்சை அட்டை. ஒவ்வொரு முறையும் குறைகள் இடம் மாறும்.

முதல் நாள் இரண்டு கொத்தனார்கள் வந்தார்கள். ஒருவர் நான்காவது நிமிடத்தில் வாந்தி எடுத்தார். மற்றவர், இல்லாத கைப்பிடியைப் பிடிக்கப்போய் ஹரிகுமாரின் மேசைமேல் விழுந்தார். ஹரிகுமார் கட்டட நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி. மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. மாதக் கடைசிக்குள் முப்பத்துநான்கு பேர் முடித்தார்கள் என்று அவர் மேலே கணக்குக் காட்டியாக வேண்டும்.

சிரிப்பு அடங்கியதும் மேஸ்திரி சுடலைக்கண்ணு கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"சார், கொத்தனாரு இங்கன ஏசியில நின்னா அங்கன கலவை இறுகிப் போவும். யாராவது ஒராளு போட்டா போதாதா?"

"அது சரியாவில்லல்லோ சுடலை. ஓரோ ஆளும் செய்யணும்" என்றார் ஹரிகுமார், மலையாளம் கலந்த தமிழில்.

"பெட்டிக்கு மூஞ்சி தெரியுமா?"

பெட்டிக்கு முகம் தெரியாது. பணியாளர் எண்ணைத் தட்டினால் போதும். ஹரிகுமார் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சம்மதம் சொல்வதில் அப்படி ஒரு முறை உண்டு.

சுடலைக்கண்ணு திரும்பி மணல் குவியலைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஏ மாடம்மா, இங்க வா. ஒன்னைய எடுத்தா ஒரு வேலையும் கெட்டுப்போவாது."

இப்படித்தான் தொடங்கியது. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவள் மாடம்மாள். முதல் தடவை ஏழாவது மாடியில் கால் வழுக்கி விழுந்தபோது பெட்டியைக் கழற்றிவிட்டு என்னை முறைத்தாள். "உச்சியில கொண்டுபோயி தள்ளி விடுதியளே, பாவம் கெடையாதா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "நீங்கதானா உள்ள பேசுறது? அதென்ன தளமேடை? நாங்க அதப் பலகைன்னுதான் சொல்லுவோம்" என்றாள்.

மூன்று தடவை விழுந்தபின் அவள் விழவில்லை. பத்தாவது ஆளுக்கு வரும்போது என் குரல் சொல்வதற்கு முன்பே எட்டுக் குறைகளையும் தொட்டுவிடுவாள். பதினைந்தாவது ஆளின் பெயரில் ஏறியபோது ஒன்பதாவது குறை ஒன்றைக் கண்டுபிடித்தாள். சாரத்தின் கால் வெறும் மண்ணில் நின்றது, அடியில் கட்டை இல்லை. மழை பெய்தால் புதைந்துவிடும் என்றாள். அந்தப் பயிற்சியைக் கணினி விளையாட்டாகச் செய்த பையன்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அடுத்த வாரம் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். யார் சொன்னது என்று எங்கும் எழுதிக்கொள்ளவில்லை.

எங்கள் நிறுவனத்தின் விளம்பரத் தாளில், 'விளையாடிக் கற்றது மறக்காது' என்று ஒரு வரி இருக்கும். அது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. அது உண்மை. மாடம்மாள் கற்றாள். சலித்த மணலுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் அவள் கண்ணுக்குச் சாரத்தில் ஓட்டைகளாகத் தெரிய ஆரம்பித்தன. இருபது வருடம் அடியில் நின்றவளுக்கு மூன்று வாரத்தில் மேலே நடப்பது முழுக்கப் புரிந்துவிட்டது. விழுந்தாலும் சாகாத ஓர் இடத்தில் விழுந்து பார்க்கக் கிடைத்தால் எவருக்கும் அது புரியும். அந்த இடம் யாருக்கு வேண்டுமோ அவர்கள் வெளியே பூசிக்கொண்டிருந்தார்கள்.

"மூணாம் தட்டுல பலகை ரெண்டும் கட்டாமக் கெடக்கு" என்பாள் சாப்பாட்டு நேரத்தில். "பூசுறதுக்கு எடஞ்சலா இருக்குன்னு செவுத்துக் கம்பிய அவுத்தாவ, திரும்பக் கட்டல."

"வந்துட்டாவ இஞ்சினியரம்மா" என்பார்கள் ஆண்கள். "மயினி, எங்க பேருல பாஸாயிட்டு எங்களுக்கே வாத்தியாரா?"

மயினி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுபவன் வன்னியராஜ். அவள் கணவரின் சித்தப்பா மகன், வெளிப்பூச்சு வேலைக்காரன், இருபத்தொன்பது வயது. கடைசி நாளில் முப்பத்துநான்காவது ஆளாக அவன் எண்ணைத் தட்டும்போது மாடம்மாள் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நம்ம பய பேரு. குறைஞ்சிரக் கூடாது" என்றாள். மற்றவர்களுக்கு அங்கங்கே கை தவறி எண்பதும் தொண்ணூறும் வாங்கியவள் அவனுக்கு நூறு வாங்கினாள். பிழையே இல்லாமல், எட்டு நிமிடம் மிச்சம் வைத்து.

ஹரிகுமாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வன்னியராஜின் படம் போட்ட ஒரு தாளை வாசல் பலகையில் ஒட்டினார். நூற்றுக்கு நூறு என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. வன்னியராஜ் அதன்முன் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினான். மாடம்மாளுக்கு அன்று மாலை ஒரு பாக்கெட் அச்சுமுறுக்கு வாங்கிக் கொடுத்தான்.

இரண்டு வாரம் கழித்து, இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்த ஒரு காலை, மாடம்மாள் கிழக்குப் பக்கச் சாரத்தின் அடியில் நின்றாள். மூன்றாவது மாடி உயரத்தில் ஒரு பலகை, தாங்கும் குழாயைத் தாண்டி ஒரு முழத்துக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தது. கட்டு இல்லை. ஏணியில் மாட்டியிருந்த பச்சை அட்டை வெயிலிலும் மழையிலும் கிடந்து வெளுத்துப்போயிருந்தது. சாரம் போட்ட நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. அவள் கொட்டகைக்கு வந்து, நிஜ அட்டைகள் வைத்திருந்த டப்பாவிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தாள். நான் மடிக்கணினியைத் திறந்துகொண்டிருந்தேன். ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், பச்சையைக் கழற்றிச் சிவப்பை மாட்டினாள். நான் பின்னாலேயே போனேன்.

சூப்பர்வைசர் மகேஷ்குமார் வந்தார். எல்லையோரப் பாறசாலைக்காரர், தமிழையும் மலையாளத்தையும் ஒன்றாகப் பிசைந்து பேசுவார்.

"இது ஆரு இட்டது?"

"நாந்தான் சார். அந்தப் பலகை முனை நீட்டிக்கிட்டு இருக்கு. மிதிச்சா தூக்கிரும்."

"மாடம்மாளே, அது கேம். இது பணி. கேமில ரெட் கார்டு இட்டா கேம் நிக்கும். இவிட பணி நின்னா ஆரு பதில் பறயும், நீயோ?"

சொல்லிக்கொண்டே சிவப்பு அட்டையை உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வன்னியராஜும் சிரித்தான். கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான்.

"கொழுந்தனாரே, ஏறாதீரும்" என்றாள் மாடம்மாள்.

"நூத்துக்கு நூறு வாங்குனவன் மயினி நான். எனக்கே பாடமா?"

அடுத்த அரைமணி நேரத்துக்குள் அவன் விழுந்தான். சிமெண்டு மூட்டையை நகர்த்தப் பலகையின் முனைக்குப் போயிருக்கிறான். பலகையின் மறுமுனை எழும்பியது. இரண்டாவது தட்டின் வலையில் பட்டு, மணலில் வந்து விழுந்தான். உயிர் போகவில்லை. இடுப்பெலும்பும் இடது கையும் உடைந்தன.

மூன்றாம் நாள் கொட்டகையில் ஒரு கூட்டம். ஹரிகுமார், மகேஷ்குமார், சுடலைக்கண்ணு. மாலை தொழிலாளர் துறையிலிருந்து அதிகாரி வருகிறார். அதற்குள் அறிக்கை தயாராக வேண்டும். தமிழ் வாக்குமூலங்களை மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள். அறிக்கை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அதன் நடுவில் ஒரு வரி இருந்தது: தொழிலாளி முழுப் பயிற்சி பெற்றவர், நூறு மதிப்பெண் எடுத்தவர், பலகை முனையின் ஆபத்தை அறிந்தவர், எனவே விபத்துக்கு அவரது கவனக்குறைவே காரணம். வாசலில் ஒட்டியிருந்த வன்னியராஜின் தாளை உரித்தெடுத்து ஆதாரமாக இணைத்திருந்தார்கள். காய்ந்த பசை மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வரி நின்றால் ஆஸ்பத்திரிச் செலவையும் நட்டஈட்டையும் யாரும் ஏற்கப்போவதில்லை என்று சுடலைக்கண்ணுவே எனக்கு மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

மாடம்மாளைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். சம்பவத்தின்போது அடியில் நின்றவள் என்பதால். அந்த வரியை நான் தமிழில் வாசித்தபோது அவள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

"நூறு வாங்குனதுனாலயா அவன் தப்பு?"

"அறிஞ்சிட்டும் செய்தால் தப்புதானே?" என்றார் ஹரிகுமார்.

"அவனுக்கு எங்க சார் தெரியும்? அவன் இந்தக் கொட்டகைக்குள்ள வந்ததே கெடையாது. நாந்தான் வாங்குனேன்."

சுடலைக்கண்ணு எழுந்தார். "ஏளா, வாய மூடு. முப்பத்திநாலு பேரு அட்டையும் போயிரும். எல்லாவனும் ஊருக்குப் போவணும்."

"போவட்டும் அண்ணாச்சி. நான் நூறு வாங்காம அம்பது வாங்கிருந்தா அவனுக்குத் தெரியாதுன்னாவது எழுதிருப்பாவ. நான் கெட்டிக்காரத்தனமா வெளையாடப்போயி அவன் தலையில வந்து விழுந்துருக்கு."

ஹரிகுமாரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒரு கணம் பயம். பிறகு ஒரு கணக்கு. "இவள் சொல்வதற்கு என்ன ஆதாரம்?" என்று என்னிடம் மலையாளத்தில் கேட்டார். ஆதாரத்துக்கு நான் இருந்தேன். முப்பத்துநான்கு தடவையும் உட்கார்ந்து பார்த்தவள். சொன்னேன். அவருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அவர் அப்போது வெளியே போயிருந்தார் அல்லவா.

"அப்போ இது ஆள்மாறாட்டம்" என்றார் அவர். "இவளைப் பணியிலிருந்து புறத்தாக்கணும். சிஸ்டத்தில் பிழை ஒன்றும் இல்லை. இவள் ஏமாற்றினாள்." பழைய அறிக்கையை ஒதுக்கிவிட்டுப் புதிய தாளை எடுத்தார். தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு மாடம்மாள் கையெழுத்திட வேண்டிய வாக்குமூலம். அதிகாரி வருவதற்குள் பழியை வைக்க அவருக்கு ஓர் ஆள் தேவை. அது வன்னியராஜா மாடம்மாளா என்பதில் அவருக்குப் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. இத்தனை ஊர் சுற்றி எத்தனையோ அழுக்கைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான கையால் செய்த அழுக்கை அங்கேதான் பார்த்தேன்.

நான் தமிழில் வாசித்தேன். மாடம்மாள் தலையாட்டிக் கேட்டாள். "நான் செஞ்சது எல்லாம் சரியா இருக்கு. போடுதேன். ஆனா ஒரு வரி கொறையுது."

"எந்து வரி?"

"காலைல நான் செவப்பு அட்டை மாட்டுனேன். மகேஷ்குமார் சார் கழட்டுனாவ. அத எழுதுங்க."

மகேஷ்குமார் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ஒரு மைக்காடு கார்டு இடாமோ? ஆரு அதிகாரம் தந்தது?"

"பெட்டிதான் சொல்லித் தந்துச்சு. குறை கண்டா யாரு வேணாலும் மாட்டலாம்னு இந்த அக்காதான் உள்ள இருந்து சொல்லுதாவ. முப்பத்திநாலு தடவ சொன்னாவ." என்னைக் கை காட்டினாள். "ஆனா சார், அந்த ஆட்டத்துக்குள்ள சூப்பர்வைசரே கெடையாது. அட்டைய மாட்டுனா மாட்டுனதுதான். யாரும் வந்து கழட்ட மாட்டாவ. அத மட்டும் அவங்க சொல்லித் தரல."

நான் அந்த விளையாட்டின் வசனம் முழுவதையும் வாசித்தவள். ஒன்பது குறைகளுக்கும் வசனம் இருந்தது. அட்டையைக் கழற்றும் கைக்கு ஒரு வரிகூட இருக்கவில்லை. வாங்குபவர்கள் அதை விரும்ப மாட்டார்கள் என்று யாரும் சொல்லவே தேவையிருக்கவில்லை.

ஹரிகுமார் முதலில் மிரட்டினார். பிறகு கெஞ்சினார். அந்த வரி இல்லாமல் போட்டால், இன்னொரு தளத்தில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார். பிறகு அந்த வரியை, 'அட்டை மாட்டப்பட்டதாகத் தெரியவருகிறது' என்று மாற்றி எழுதினார். நான் வாசித்ததும் அவள், "யாரு மாட்டுனா, யாரு கழட்டுனான்னு இல்லையே" என்றாள். சாப்பாட்டு மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டே முக்காலுக்கு வாசலில் அதிகாரியின் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஹரிகுமார் பேனாவை எடுத்து, அவள் சொன்னபடியே இரண்டு பெயர்களோடும் எழுதினார். மகேஷ்குமார் எழுந்து வெளியே போனார். மாடம்மாள் நான் வாசித்துக் காட்டியதைக் கேட்டபின் கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி அந்தத் தாளை வாசித்துவிட்டு சாரத்தைப் பார்க்கக் கேட்டார். அதற்குள் பலகைகள் எல்லாம் புதுக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. அதையும் அவர் எழுதிக்கொண்டார். கவனக்குறைவு என்ற வரி இறுதி அறிக்கையில் வரவில்லை. மகேஷ்குமாரை இன்னொரு தளத்துக்கு மாற்றினார்கள். மாடம்மாளை அன்றைக்கே வாசலுக்கு வெளியே அனுப்பினார்கள். அவளிடம் திருப்பிக் கொடுக்க ஒரு தலைக்கவசமும் ஒரு சட்டியும்தான் இருந்தன. முப்பத்துநான்கு அட்டைகளும் ரத்தாயின. ஆண்கள் எல்லோரும் பத்து நாள் வேலையில்லாமல் இருந்தார்கள். அந்தப் பத்து நாளும் அவளோடு ஒருவரும் பேசவில்லை. பிறகு நிறுவனம், முகத்தை அடையாளம் காணும் புதிய பெட்டிகள் வாங்கியது. விளையாட்டில் இல்லை என்று அவள் சொன்ன அந்த ஒன்றை, அட்டையைக் கழற்றும் கையை, மட்டும் யாரும் சேர்க்கவில்லை.

அடுத்த வாரம் எங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. நூறு மதிப்பெண் எடுத்த பெண் தொழிலாளியை வைத்து ஒரு நிமிடக் காணொளி வேண்டும், சிரித்தபடி இருக்கட்டும், விபத்துப் பேச்சு வேண்டாம். அதைப் படித்துவிட்டு ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அதில் பெருமை ஒன்றுமில்லை. போவதற்கு எனக்கு எப்போதும் இன்னொரு ஊர் இருக்கிறது.

செய்தியை அவளிடம் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனேன். வன்னியராஜின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ரஸ்க் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். காணொளி விஷயத்தைச் சொன்னேன். "சிரிக்கணுமாமா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு ரஸ்க்கை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

வன்னியராஜ் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். அவனால் திரும்ப முடியாது. "மயினி" என்றான் திடீரென்று. "எனக்கு இன்னும் புரியல. நான் நடந்துதான போனேன். அது எப்படித் தூக்குச்சு?"

மாடம்மாள் தலையிலிருந்து சீப்பை எடுத்தாள். இரண்டு மருந்துப் பெட்டிகளை அவன் நெஞ்சின்மேல் இடைவெளி விட்டு வைத்து, அவற்றின்மேல் சீப்பைக் குறுக்கே போட்டாள். ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு ரஸ்க்கை நடுவில் வைத்தாள், சீப்பு அசையவில்லை. ரஸ்க்கை மெல்ல முனைக்கு நகர்த்தி, அதன்மேல் விரலை வைத்து லேசாக அழுத்தினாள். மறுமுனை எழும்பி, சீப்பும் ரஸ்க்கும் அவன் கழுத்துப் பக்கம் சரிந்தன.

"மறுமுனையில ஒரு கயிறு கட்டிருந்தா எந்திரிக்காது" என்றாள்.

அவன் உடையாத கையால் சரிந்து கிடந்த சீப்பைத் தொட்டுப் பார்த்தான்.

"இம்புட்டுதானா?" என்றான்.

"இம்புட்டுதான்" என்றாள் மாடம்மாள்.